ஒற்றைச் செருப்போடு போனவன்

இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகன் கலியாணசுந்தரம் பெண்டாட்டியை உதறிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனான் என்று கலையரசி குழாயடியில் நின்று சொன்னாளாம். சொன்னதோடு விட்டாளா, "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று சத்தியமும் செய்தாளாம். பார்த்தாள்தான். அவள் மட்டுமா, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஜனம் பாதி அன்றைக்குக் காலையில் வாசலில்தான் நின்றது. அவன் எதிர்வீட்டுப் படியேறியதும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் ரெண்டு கண்ணால் பார்த்தவளுக்கு அவன் காலில் ஒரு செருப்புதான் இருந்தது என்று தெரிந்ததா? வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால். வீட்டை விட்டுப் போகிற ஆம்பளை ஒற்றைச் செருப்போடா போவான்?

நேற்று அவள் எங்கள் வாசல் பக்கம் போனபோது நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா கலையரசி, என் புள்ள எந்தக் கால்ல செருப்பு போட்டுக்கினு போனான், சொல்லு பாக்கலாம்."

"இன்னா ஆயா, நான் அவரு மூஞ்சியப் பாப்பனா, காலப் பாப்பனா?"

"மூஞ்சியத்தான் பாத்தியா? பாதி மூஞ்சியில தாடி இருந்துச்சே, அதையாவது பாத்தியா?"

குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதனால் நானே முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. பேத்தி ஜீவிதா எழுதுகிறாள். புரிந்ததைப் புரிந்தபடி எழுது, புரியாததைப் புரியாதபடியே எழுது, நீயாக எதையும் சரி பண்ணாதே என்று சொல்லிவிட்டேன். புரியாததுதான் அதிகம்.

கலியாணசுந்தரத்துக்கு நாற்பத்தொன்பது வயது. அதிகம் பேச மாட்டான். பேசினாலும் ஆளைப் பார்த்துப் பேச மாட்டான், தறியைப் பார்த்துத்தான் பேசுவான். குடிப்பழக்கம் கிடையாது. வேர்க்கடலைப் பைத்தியம், தறிக்குழியைச் சுற்றித் தோல் கிடக்கும், அதற்கு என்னிடம் திட்டு வாங்குவான். இருபத்திரண்டு வருஷமாக அவனும் என் மருமகள் துளசியும் ஒரே தறியில்தான் வேலை செய்தார்கள். எங்கள் ஊர்க் கோர்வைச் சேலைக்கு, குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், ரெண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம். குழியில் உட்கார்ந்து உடலையும் வலது கரையையும் அவன் நெய்வான். அவனுக்கு இடப்பக்கத்தில் அவள் உட்கார்ந்து இடது கரைக்கு நாடா தள்ளுவாள். பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்ததே இல்லை. "துளசி, தண்ணி" என்பான். சொம்பு வரும். "துளசி, அறுந்துச்சு" என்பான். அவள் கை இழையை முடிந்துவிடும். முகத்தைப் பார்க்காமலே ஒரு குடும்பம் நடந்தது. நான் அதில் தப்பு கண்டதில்லை. இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் இருந்திருந்தால், அவன் விழுந்த அன்றைக்கு நாங்கள் சீக்கிரம் கண்டுபிடித்திருப்போம்.

ஐப்பசி மாதம். மாம்பழ நிறச் சேலை, அரக்குக் கரை. காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு சின்னத் தகராறு. பிரஷர் மாத்திரையை நாலைந்து நாளாக அவன் போடவில்லை.

"தலவலிதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றான்.

"தலவலிக்கா குடுத்தாங்க அத?" என்று அவள் கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பேசாமலே வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள், பேசாமலே நாடா தள்ளினாள். நான் கொஞ்சம் தள்ளி ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன், "துளசி, வந்து குந்து. வேல ஆவல" என்றான்.

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். தன்னைக் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்து வாயே திறக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுபடியும், "துளசி, எவ்ளோ நேரம்?" என்றான். மூன்றாவது தரம் என்னைப் பார்த்து, "யம்மா, அது எங்க போச்சு?" என்று கேட்டான்.

"உன் பக்கத்துல குந்தியிருக்கிறது யாரு, காமாட்சியம்மனா?" என்றேன்.

துளசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. என்னையே முழித்துப் பார்த்தான். வாயின் இடது ஓரம் கொஞ்சம் தொங்கியிருந்தது. வேர்க்கடலை மெல்லுகிறான் என்று எண்ணினேன். "தல வெடிக்குதும்மா" என்றான். அப்படியே இடப்பக்கம் சாய்ந்து துளசி மடியில் விழுந்தான். விழுந்த பிறகும் என்ன சொன்னான் தெரியுமா? "துளசியக் கூப்புடும்மா" என்றான். அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டே சொன்னான்.

அதற்குப் பிறகு வாந்தி எடுத்தான். அப்புறம் குறட்டை மாதிரி ஒரு மூச்சு. கூப்பிட்டால் பதில் இல்லை.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது கலையரசிதான். "காலங்காத்தாலயே ஏத்திக்கினாரா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடி எலுமிச்சம்பழம் பிழிந்த மோர் கொண்டுவந்தாள். வாயில் ஊற்றப் போனாள். ஜீவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நெனவு இல்லாதவங்க வாயில எதுவும் ஊத்தக்கூடாது. நுரையீரலுக்குப் போயிடும்" என்றாள். நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம் படிக்கிறவள், அவளுக்குத் தெரியும். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தெருவுக்குள் 'காலையிலேயே குடித்துவிட்டு விழுந்தான்' என்பதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "பாட்டி, மூளைக்குள்ள ஒரு சின்ன ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. ரத்தம் கசிஞ்சு வலது பக்கம் கட்டியா நிக்குது. அது பக்கத்துல இருக்கிற இடத்தையெல்லாம் அழுத்துது, மூளையும் வீங்குது. அதான் நினைவு இல்ல."

"வலப்பக்கம் வெடிச்சா இடப்பக்கம் ஏன் விழுந்தான்?"

"வலது மூளைதான் உடம்போட இடது பக்கத்தைப் பாத்துக்குது, பாட்டி."

"அது எப்பிடி? யாரு அப்பிடி மாத்தி வச்சது?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

இரண்டாம் நாள் கலையரசி பஸ் பிடித்துப் பார்க்க வந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், நான் நன்றி மறக்கிறவள் இல்லை. அவள் புருஷனுக்கும் போன வருஷம் கை கால் இழுத்துக்கொண்டதே, அவர் சாப்பிடுகிற மாத்திரையில் ஒரு அட்டை எடுத்து முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். "இதே வியாதிதான் ஆயா, இதப் போட்டுத்தான் எழுந்து நடந்தாரு" என்றாள். டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவள் பதறிப்போனாள். கலையரசி புருஷனுக்கு வந்தது குழாய் அடைத்துக்கொண்டது, இது குழாய் வெடித்தது, அந்த மாத்திரை ரத்தத்தை உறையவிடாது, இவனுக்குக் கொடுத்தால் கசிவு இன்னும் கூடும் என்றாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே நேர் எதிராம்.

ஒன்பது நாள் அப்படியே கிடந்தான். "தூங்குறானா?" என்று நர்ஸைக் கேட்டேன். இல்லை என்றாள். "முழிச்சிருக்கானா?" அதுவும் இல்லை என்றாள். தூக்கமும் இல்லாமல் முழிப்பும் இல்லாமல் ஒரு மனுஷன் எங்கே இருப்பான்? அவர்கள் நெஞ்சில் விரலை வைத்து அழுத்திப் பேர் சொல்லிக் கத்துவார்கள். ஒரு நாள் கண் திறந்தான், ஆனால் கண்ணுக்குள் ஆள் இல்லை. மறுநாள் மூடியே கிடந்தான். அதற்கடுத்த நாள் வலது கையால் டாக்டரம்மா விரலைப் பிடித்தான். நினைவு திரும்பும் என்று அவர்கள் சொன்னதும், போன கரண்ட் வருகிற மாதிரி ஒரேயடியாக வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அது அப்படி வரவில்லை. வந்து வந்து போயிற்று. காலையில் என்னை "யம்மா" என்பான், மத்தியானம் என்னையே யார் என்று கேட்பான். வீங்கினது வடிய வடியத் தெளியும் என்றாள் டாக்டரம்மா.

அத்தனை நாளும் துளசி அவன் கட்டிலுக்கு இடப்பக்கம்தான் நின்றாள். வேறு எங்கே நிற்பாள்? இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். அவன் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். ஒன்பதாம் நாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது அவன் தெளிவாகப் பேசினான். "துளசி என்னப் பாக்க வரவே இல்லியா?" என்றான். அப்புறம் தன் இடது கையைக் குனிந்து பார்த்தான். "இது யாரு கை? எடுத்துக்கினு போவச் சொல்லு" என்றான்.

துளசி கையை விட்டுவிட்டாள். அவள் அண்ணன் வெங்கடேசன் என்னைப் பார்த்தான். அங்கே இருந்த ஒருத்தருக்கும் எதுவும் புரியவில்லை. ஆனால் 'பெண்டாட்டி கையைத் தட்டிவிட்டான்' என்று ஊருக்குச் சொல்ல மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கண்ணில் கோளாறு இல்லையாம், பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள். மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே விட்டுவிட்டதாம். டாக்டரம்மா துளசியை வலப்பக்கம் வந்து நிற்கச் சொன்னாள். நின்றாள். "வந்துட்டியா? எத்தன நாளா தேடறேன்" என்றான் அவன். அவள் மறுபடி இடப்பக்கம் போனாள். அவன் அவள் போன பக்கம் திரும்பவில்லை. அவன் கணக்கில் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு எல்லாம் தெரிந்தது. அப்படியென்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? இருட்டா? வெறுமையா? அவனையே கேட்டேன். "எனக்கு எல்லாம் தெரியுதும்மா, எதுவும் கொறையல" என்கிறான். குறைகிறது என்பதே தெரியாத குறையை நான் என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகு நாலு இட்லி வைத்தால் வலப்பக்கத்து ரெண்டை மட்டும் தின்றுவிட்டு, "இன்னாம்மா, ரெண்டுதான் வச்சிருக்க?" என்பான். அது கலையரசி காதில் விழுந்து, துளசி அவனை அரைப் பட்டினி போடுகிறாள் என்று ஆயிற்று. நான் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தால் போதும், "இப்பத்தான் வச்சியா?" என்று மீதி ரெண்டையும் தின்பான். க்ஷவரமும் அதே கதை. வலது கன்னம் வழவழப்பாக இருக்கும், இடது கன்னத்தில் தாடி நிற்கும்.

அவனை வலப்பக்கமே இருந்து கவனிக்கக் கூடாது, இடப்பக்கம் இருந்து கூப்பிட்டுத் தேட வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். துளசி அதைப் பிடித்துக்கொண்டாள். அரக்குக் கரைத் துண்டு ஒன்றைக் கிழித்து அவன் தட்டுக்கு இடப்பக்கம் போட்டாள். இன்னொன்றைக் கண்ணாடிக்கு இடது ஓரத்தில் தொங்கவிட்டாள். வாசல் கதவு நிலையின் ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று கட்டினாள்.

"ஏங்க, சேலைக்கு எத்தன கரை?"

"ரெண்டு. இது ஒரு கேள்வியா?"

"தட்டுக்கும் அப்டித்தான், வலது ஓரம் ஒரு கரைதான் பாத்தீங்க. இன்னொன்னு எங்க? அது தெரியற வரைக்கும் திரும்பிக்கினே வாங்க."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்புவான். பாதியில் நின்றுவிடும். அவள் விட மாட்டாள். சில நாள் கரை கிடைக்கும், இட்லியும் கிடைக்கும். சில நாள் கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடுவான். "பாவம்டி, ஒரு நாளைக்கு வலப்பக்கம் குந்தேன்" என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "இல்லத்தே, நான் இந்தப் பக்கம்தான்" என்பாள். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தான். ஆனால் அவளாகக் கூப்பிடாமல் அவனாக ஒரு நாளும் அவள் பக்கம் திரும்பவில்லை.

வைகாசியில் கருட சேவைக்கு வந்த வெங்கடேசன் மறுநாள் காலையிலும் இங்கேயே இருந்தான். தெருப் பேச்சு எல்லாம் அவன் காதுக்குப் போயிருந்தது. "அவரு உன்னத் திரும்பிக்கூடப் பாக்கல. நீ யாருக்காக இங்க தேஞ்சிக்கினு இருக்கிற? எங்கூட ஸ்ரீபெரும்புதூர் வந்துடு" என்றான். துளசி அடுப்படியில் என்னிடம் வந்து, "அத்தே, இன்னிக்கு நானா கூப்பிட மாட்டேன். அவரா ஒரே ஒரு தரம் திரும்பிப் பாத்தா இருக்கறேன். இல்லாட்டி அண்ணன்கூடப் போறேன்" என்றாள்.

"பைத்தியக்காரி, அவனால ஆவலன்னுதான டாக்டரே சொன்னாங்க?" என்றேன்.

"ஆவலன்னு சொல்லல அத்தே. தேடணும்னு சொன்னாங்க."

பையில் நாலு புடவையை மடித்து வைத்தாள். வந்து பெஞ்சியில் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவன் அரைக் க்ஷவரத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்கடேசன், "கெளம்பு துளசி" என்றான். அது என் மகன் காதில் விழுந்தது. தலையைத் தூக்கினான். வலப்பக்கம் பார்த்தான். நேரே பார்த்தான். இடப்பக்கம் திரும்பவில்லை. அவன் தடியை ஊன்றி எழுந்தான், வாசலுக்குப் போனான், ஒரு செருப்பை மாட்டினான், வெளியே இறங்கிவிட்டான்.

துளசி அழவில்லை. பையை எடுத்து வெங்கடேசனிடம் கொடுத்தாள். ஜீவிதா பின்னால் ஓடப் போனாள். நான்தான் அவள் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று கேட்டால் தெரியாது. எங்கே போகிறான் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

வாசலில் இறங்கினால் அவனுக்கு வலப்பக்கம் ஒன்றுதான் உண்டு. அந்தப் பக்கம் தெருக்கோடியில் குழாயடி. அப்படிப் போகும்போது எங்கள் வரிசை வீடுகள் அவனுக்கு வலக்கைப் பக்கம் வரும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். குழாயடியில் கலையரசி நின்றாள். அவன் அவளிடம் ஒன்று கேட்டான். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு குணமாலாதான் பிறகு எனக்குச் சொன்னாள். "துளசி இப்டி வந்துச்சா?" என்று கேட்டானாம். "வரலியே" என்று கலையரசி சொன்னாளாம். இதைக் கேட்டவன்தான் பெண்டாட்டியை உதறிவிட்டுப் போனவனா?

அங்கிருந்து திரும்பினான். திரும்பி வரும்போது எங்கள் வரிசை வீடுகள் இடக்கைப் பக்கம் ஆகிவிட்டன. அவனுக்கு அந்த வரிசையே இல்லை. தன் வீட்டு வாசலுக்கு நேரே வந்தும் நிற்காமல் போனான். துளசி அப்போதுதான் வாசலுக்கு வந்தாள், கிளம்பத்தான் வந்தாள். நிலைப்படியில் அவனுடைய இடது கால் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்தாள். தெருவில் வெறுங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு வீட்டைத் தாண்டிப் போகிறவனைப் பார்த்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏங்க!" என்று கத்தினாள்.

நின்றான். குரல் கேட்டுவிட்டது. ஆனால் இடப்பக்கம் இருந்து வந்த குரலும் அவனுக்கு வலப்பக்கம்தான் கேட்கும் போலிருக்கிறது. வலப்பக்கம் திரும்பினான். அங்கே குணமாலா வீடு. குடத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து, ஒரு சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்ட உட்கார்ந்திருந்தாள். திருப்பருத்திக்குன்றத்து ஜைனர் வீட்டுப் பெண், புருஷனை இழந்தவள், ஒருத்தர் வம்புக்குப் போகாதவள். இவன் படியேறி அவள் முன்னால் நின்றான்.

"துளசி இங்கியா இருக்குது? கூப்டுச்சே."

தெருவே வாயைப் பிளந்தது. கலையரசி பார்த்தது இதுவரைக்கும்தான். குடம் நிரம்பி வழிகிறது என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குணமாலா எழுந்து அவன் தோளைப் பிடித்தாள். "கூப்டுச்சுண்ணா. இப்டித் திரும்புங்க" என்று அவனை அப்படியே தெருப்பக்கம் திருப்பி நிறுத்தினாள். அந்தப் படியில் நின்று பார்த்தால் எங்கள் வாசல் இடமும் இல்லை, வலமும் இல்லை, நேர் எதிரே இருக்கிறது. கதவு நிலையில் ரெண்டு பக்கமும் அரக்குக் கரை தொங்கியது. நடுவில் துளசி, கையில் ஒற்றைச் செருப்போடு.

அவன் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கல்யாணத்தன்றைக்குக்கூட அவன் அவளை அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

"எங்க போன? காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கறேன்" என்று அங்கிருந்தே கத்தினான்.

"எங்கியும் போவல. உங்க பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்."

"பொய் சொல்லாத. பக்கத்துல யாரும் இல்ல."

அவள் சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெங்கடேசன் பையைக் கீழே வைத்தான். துளசி தெருவைத் தாண்டிப் போய்ப் புருஷன் காலடியில் உட்கார்ந்தாள். இடது கால் விரலில் ரத்தம் கசிந்திருந்தது, அது அவனுக்குத் தெரியவே இல்லை. முந்தானையால் துடைத்தாள். செருப்பைக் கீழே வைத்தாள்.

"இது யாருது?" என்றான், செருப்பைப் பார்த்து.

"உங்களுதுதான்."

"இந்தக் கால்?"

"அதுவும் உங்களுதுதான். தூக்குங்க" என்றாள் துளசி.